சிகைக்காயும் எண்ணெய் முழுக்கும்

ஷாம்பு என்னும் திரவம் புழக்கத்துக்கு வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பிருந்தே தமிழர் தம் தலைமயிரைத் தூய்மை செய்துவந்த முறை எண்ணெய் முழுக்கு. நல்லெண்ணெயைத் தலையில் தேய்த்து ஊறவிட்டு, பின்னர்ச் சிகைக்காய், அரப்பு, பூவந்திக்கொட்டை முதலிய நுரைக்கும் தாவர வஸ்துக்களைக் கொண்டு வெந்நீரில் அவ்வெண்ணெயைப் போக்குவதே இதன் சாரம். எண்ணெயும் அதைப் போக்கும் பொடியும் ஒன்றையொன்று சார்ந்தவை. இவற்றைப் பிரித்து, சிகைக்காயை மட்டும் ஷாம்புவுக்கு மாற்றாக எண்ணிப் பரீட்சிப்போர் அதன் குணத்தை முழுவதும் அறிந்தவராகார்.

இம்முறைக்குத் தமிழில் கிடைக்கும் விரிவான பழஞ்சான்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையாகும். ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை அலங்கரித்துக்கொண்டபோது, பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஆகிய நறுமணப் பொருள்கள் ஊறிய நீரிலே தன் நெய் கமழும் கூந்தலை ஆட்டி, நறும்புகையில் உலர்த்தி, கஸ்தூரிக் குழம்பும் ஊட்டினாள் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அப்பத்துத் துவர்கள் யாவை என்பதை உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் நமக்கு வகுத்துத் தருகிறார்: பூவந்தி, திரிபலையாகிய கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், அவற்றோடு கருங்காலி, நாவல், ஆல், அரசு, அத்தி, இத்தி. 1892-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் இவ்வுரையோடு அந்நூலைப் பதிப்பித்திராவிடில் இவ்விவரம் நம்மில் எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்! இப்பத்தையும் வெறும் போக வஸ்துக்களாகக் கருதுவது பொருந்தாது. பட்டைகளும் காய்களும் துவர்ப்பினால் பயன்படுபவை; எண்ணெய்ப் பிசுக்கை நுரைத்து நீக்கும் ஆற்றலோ முதன்மையாகப் பூவந்திக்கே உரியது; அதுவே பட்டியலின் தலையில் நிற்கிறது. எண்ணெய், நுரைநீர், புகை என்னும் இவ்வரிசை, தலை முழுகிய ஈரக்கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் இல்லங்களில் இன்றும் மாறாமல் இருக்கிறது.

வைத்திய சாஸ்திரங்களும் இவ்வழக்கத்தைப் போற்றின. அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படர் நாள்தோறும் எண்ணெய்த் தேய்ப்பாகிய அப்பியங்கம் செய்துகொள்ள வேண்டும் என்று விதித்து, சிரசிலும் செவியிலும் பாதத்திலும் அதனை விசேஷமாகச் செய்யுமாறு கூறுகிறார். ஆயினும் சுடுநீரைத் தலையில் ஊற்றுவது கேசத்துக்கும் கண்ணுக்கும் கேடு என்று எச்சரிக்கிறார். சித்த மருத்துவ மரபிலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டால் வெந்நீரிலேயே குளிக்க வேண்டும் என்பது தேரையரின் விதி. இவ்விரு மதங்களும் முரண்படுவனபோல் தோன்றினும், குளிர்ந்த நீரில் எண்ணெய் இளகாது என்பதையும் கொதிக்கும் நீர் மயிர்க்காலுக்கு ஆகாது என்பதையும் ஒருங்கே அறிந்த நம் இல்லத்துப் பெண்டிர், விளாவிய இளவெந்நீரையே தலைக்கு வார்த்து இரண்டுக்கும் இடங்கொடுத்துவிட்டனர். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் என நாள் குறிக்கப்பட்டது. தீபாவளியன்று விடியுமுன் இருபாலாரும் நீராடினர்.

இம்மரபைப் பல வகையில் காணத்தக்க வட்டாரம் காஞ்சிபுரம்; அதை அடுத்த ஏனாத்தூரை இங்கே தனித்துக் குறிப்பிடக் காரணமுண்டு. காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் பெயரால் 1993-இல் நிறுவப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சார்ந்த ஆயுர்வேதக் கல்லூரி நசரத்பேட்டையில் இயங்குகிறது. ஆகவே வாக்படரின் சாஸ்திரம் இவ்வட்டாரத்தில் பாடமாகவும் பயிலப்படுவது. கோயில்களிலோ அபிஷேகத்தின்போது எண்ணெய்க் காப்புக்குப் பின் மாப்பொடியும் நெல்லிமுள்ளிப் பொடியும் சாத்தி எண்ணெயைப் போக்குவது, இல்லத்து எண்ணெய் முழுக்கைப் பெரிதும் ஒத்தது. காஞ்சி ஏகாம்பரநாதர் மண்ணாலான பிருதிவி லிங்கமாதலால் அங்கு நீராட்டு பீடமாகிய ஆவுடையாரோடு நின்றுவிடும்.

இவை எல்லாவற்றினும் காஞ்சிக்கே உரிய செய்தி பட்டைப் பற்றியது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. சாயமேற்றுமுன் நூலைச் சவுக்காரமும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சி அதனைக் கழற்றுவர். பசை கழன்றபின் மிஞ்சும் இழைக்குக் காரம் ஆகாது. அதனாலேயே பட்டுப்புடவையைத் துவைக்கும் சவுக்காரத்தில் முக்காமல், ஊறவைத்துப் பிசைந்த பூவந்திக்கொட்டை நீரில் அலசும் வழக்கம் ஏற்பட்டது. பட்டும் புரதம், மயிரும் புரதம். இரண்டையும் காரத்தினின்று காக்கும் தேவை ஒன்றே. இழையின் இயல்பை விரல்நுனியில் அறிந்த ஓர் ஊரில், புடவைக்கும் கூந்தலுக்கும் ஒரே கொட்டை பயன்பட்டதில் வியப்பில்லை.

சிகைக்காய் முள் நிறைந்த மலைக்காட்டுக் கொடியின் காய். காஞ்சியின் சமவெளிக்கு அது நாட்டு மருந்துக் கடை வழியாகவே வந்து சேரும். கொங்கு நாட்டிலும் தென்மாவட்டங்களிலும் உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த அரப்பு அதன் இடத்தைப் பெறுவதுண்டு. வெயிலில் மொறுமொறுவெனக் காய்ந்த சிகைக்காயோடு வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, உலர்ந்த செம்பருத்தி இலை ஆகியவற்றைச் சேர்த்து அரைப்பர். அதற்கென மாவு மில்லில் தனி இயந்திரம் ஒதுக்கப்பட்டிருக்கும். இப்பொடியை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பது தலைசிறந்த பிரயோகம், ஏனெனில் கஞ்சி பொடியின் வறட்சியைத் தணித்து மயிருக்கு வழவழப்பும் தருகிறது. கண்ணில் பட்டால் எரியும். எண்ணெயில்லாத தலையில் அடிக்கடி தேய்த்தால் மயிர் வறளும்.

இந்நுரைக்கும் தாவரங்களின் தூய்மையாக்கும் ஆற்றலுக்குக் காரணம் சபோனின் என்னும் சேர்மம். அதன் மூலக்கூறில் ஒரு பகுதி கொழுப்பையும் மறுபகுதி நீரையும் பற்றுவதால், எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீரோடு செல்கிறது. சவுக்காரமும் இவ்வாறே செயற்படுவதாயினும், அது காரத்தன்மை உடையது. உப்புநீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து மயிரில் வெண்படலமாகப் படிவது. சபோனின் அவ்வாறு படிவதில்லை. ஐரோப்பியர் சபோனேரியாச் செடியையும், சிலி நாட்டினர் கில்லாயாப் பட்டையையும் பயன்படுத்தியதும் இதே பொருளின்பொருட்டே.

ஷாம்புவின் வரலாறோ பிற்பட்டது. ஹான்ஸ் ஷ்வார்ஸ்கோப் 1903-இல் பெர்லினில் ஷாம்புப் பொடியை அறிமுகம் செய்தார்; அவருடைய நிறுவனம் 1927-இல் திரவ ஷாம்புவை அறிமுகம் செய்தது. 1934-இல் அமெரிக்காவில் வெளிவந்த டிரீன், சவுக்காரத்தை விடுத்துச் செயற்கைச் சலவைப்பொருளால் ஆனது. உப்புநீரில் படலம் படியும் குறையை நீக்கியதே அதன் பெருமை. அக்குறை சிகைக்காய்க்கு என்றுமே இருந்ததில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு ஷாம்புவைக் கொண்டுசேர்த்தது கடலூரில் பிறந்த சிறு பொட்டலமே. சின்னி கிருஷ்ணன் அதற்கு வழிகாட்ட, அவர் மைந்தர் சி. கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அரைக்கவும் கரைக்கவும் பொழுதில்லாதவர்க்கு அது பெரும் உதவியாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. பின்னாளில் அவருடைய நிறுவனமே மீரா என்னும் பெயரில் சிகைக்காய்ப் பொடியையும் விற்பனைக்குக் கொணர்ந்தது.

எண்ணெயைப் பொறுத்தவரை, தேங்காயெண்ணெய் மயிரின் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் 2003-இல் இந்திய ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். அண்மையில் மேலைநாடுகளில் ஷாம்புவைத் துறப்போர் சமையல் சோடாவை நாடுகின்றனர். அதுவும் காரமே ஆதலால், பட்டுக்கு ஒவ்வாதது கூந்தலுக்கும் ஒவ்வாது. நம் நாட்டில் சிகைக்காயை இன்றும் சிறு வன மகசூலாக மலைவாழ் மக்களே காடுகளில் சேகரித்து, முட்களினூடே பறித்து, உலர்த்தி, வியாபாரிகளுக்கும் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் விற்கின்றனர்.