வீட்டு ஒலிப்பதிவுக்கான கணினி வன்பொருள்

வீட்டில் இசையைப் பதிவு செய்யக் கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக், பதிவு மென்பொருள் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். பலரும் கணினியை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைப் பிறகு யோசிக்கிறார்கள். வரிசை நேர்மாறாக இருப்பதே நல்லது. எடுத்துக்காட்டாக, லாஜிக் புரோ என்ற பதிவு மென்பொருள் விண்டோஸில் ஓடாது. எனவே மென்பொருளை முடிவு செய்த பிறகு இன்டர்ஃபேஸ், கடைசியாகக் கணினி.

இன்டர்ஃபேஸ், மைக்கிலிருந்து வரும் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி. அது தடங்கலின்றி இயங்குவதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அதைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர். ஆப்பிள் கணினிகளில் கோர் ஆடியோ என்ற ஒலி முறை இயங்குதளத்திலேயே இருக்கிறது. விண்டோஸில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990களில் உருவாக்கிய ஏசியோ முறையே வழக்கு. இன்டர்ஃபேஸைத் தயாரித்த நிறுவனமே அதற்கென எழுதிய ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவான மாற்று டிரைவர்கள் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

டிரைவர் சரியில்லையென்றால் அதைப் பாடுபவரின் காதே முதலில் உணரும். கணினி ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கையாள்கிறது. அந்தப் பொட்டலத்தின் அளவே பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் கொண்ட பஃபர் 2.9 மில்லிநொடி, 1024 என்றால் 23 மில்லிநொடி. உள்ளே வரவும் வெளியே போகவும் இந்தத் தாமதம் இரண்டு முறை சேரும். ஹெட்போனில் தன் குரல் பின்தங்கிக் கேட்டால் தாளம் தடுமாறும். பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் செயலி திணறிப் பதிவில் ‘டிக் டிக்’ என்ற வெட்டு விழும். பதியும்போது சிறிய பஃபர், கலவை செய்யும்போது பெரிய பஃபர் என மாற்றிக்கொள்வதே நடைமுறை. உள்ளீட்டை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி இன்டர்ஃபேஸில் இருந்தால் பாடகருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இணைப்புத் துளைகளில்தான் பணம் அதிகம் வீணாகிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலித்தடம் ஒன்றுக்கு நொடிக்கு 1.15 மெகாபிட்டே போதும், யு.எஸ்.பி. 2.0 தருவது 480. வீட்டுப் பதிவுக்கு அதைவிட வேகமான இணைப்பு தேவைப்படுவது அரிது. தண்டர்போல்ட் 3 துளையும் யு.எஸ்.பி. சி துளையும் பார்க்க ஒன்றே. தண்டர்போல்ட் மட்டுமே அறிந்த இன்டர்ஃபேஸ் சாதாரண சி துளையில் வேலை செய்யாது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஃபயர்வயர் பெட்டிகளுக்கு இன்றைய லேப்டாப்பில் துளையே கிடையாது.

உள்ளீடுகளை வாத்தியம் தீர்மானிக்கும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் வேண்டும். மிருதங்கத்தின் இரு முகங்களையும் தனித்தனியே பதிய இரண்டு மைக் உள்ளீடுகள் தேவை. வீணையில் ஒட்டும் பீசோ வகைக் கான்டாக்ட் மைக்கைச் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் மந்தர ஸ்தாயி மெலிந்து தகரம்போல ஒலிக்கும். சுமார் 1 மெகா ஓம் மின்மறுப்புள்ள ‘இன்ஸ்ட்ருமென்ட்’ உள்ளீடு அதற்கு உரியது. பதிவில் ரீங்காரம் கேட்டு, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றால் குறை மைக்கில் இல்லை, மின்னிணைப்பின் எர்த் வழியில்.

கணினியில், ஒரே தடத்தில் அடுத்தடுத்துப் போடும் பிளக்-இன்கள் (ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள்) பொதுவாகச் செயலியின் ஒரே கோரில் ஓடுவதால், கோர்களின் எண்ணிக்கையோடு ஒவ்வொன்றின் வேகமும் முக்கியம். குரலும் சில வாத்தியங்களும் என்றால் 16 ஜிபி ராம் தாராளம். மாதிரி ஒலிகளால் ஆன ஆர்கெஸ்ட்ரா நூலகங்களுக்கு 32 ஜிபியும் எஸ்.எஸ்.டி.யும் வேண்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 16 தடங்களாக ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 700 எம்பி பிடிக்கும். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு இங்கே வீண்செலவு, அதன் விசிறிச் சத்தம் மைக்கில் விழுவது தனி. வேகமான கணினியிலும் வெட்டு விழுந்தால் வைஃபை டிரைவரை முதலில் சந்தேகிக்கலாம். வைஃபையை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆப்பிள் 2020இல் தன் சொந்தச் சிப்புக்கு மாறியபோது பல பழைய டிரைவர்கள் புதுப்பிப்புக்காகக் காத்திருந்தன. ஏ.ஆர்.எம். செயலியுள்ள விண்டோஸ் லேப்டாப்பிலும் அதற்கென எழுதப்பட்ட டிரைவரே வேலை செய்யும். இயங்குதளத்தைப் புதுப்பிக்குமுன் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் டிரைவர் பட்டியலில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், ஒரு பதிவு பாதியில் நிற்கும்போது புதுப்பிக்காமல் இருப்பதும் ஸ்டுடியோக்களின் வழக்கம்.