இராஜாஜி: மத்திய அரசின் கொள்கைகள் குறித்த கருத்துகள் (1955–1972)

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (10 டிசம்பர் 1878 – 25 டிசம்பர் 1972) சென்னை மாகாணப் பிரதமர், மேற்கு வங்க ஆளுநர், இந்தியாவின் கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர், சென்னை மாநில முதலமைச்சர் எனப் பல பதவிகளை வகித்தவர். எழுபத்தெட்டு வயதில் காங்கிரசை விட்டு விலகி, எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பதவி ஏதும் இல்லாத அந்தக் கடைசிக் காலத்தில், நாட்டின் பழமைவாத அரசியலுக்கு அவரே தலைமைக் குரலாக இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாமலே டெல்லியைத் தொடர்ந்து விமர்சித்தார். ஆங்கிலத்தில் ‘சுவராஜ்யா’ வார இதழும் தமிழில் ‘கல்கி’யும் அதற்குக் களமாயின. மாநிலங்களவையில் இதே கொள்கையை எடுத்துரைத்தவர் சென்னை மாநிலத்திலிருந்து சென்ற எம். இரத்தினசாமி (1962–1968). சென்னைச் சட்டசபையின் தலைவராகவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த இவர் ஆட்சியியல் அறிஞர். சி. என். அண்ணாதுரையும் அப்போது அதே அவையில் இருந்தார். கொள்கையில் எதிரெதிரான இருவருமே சென்னையின் எதிர்ப்பைத்தான் டெல்லிக்குக் கொண்டு சென்றார்கள்.

முன்வரலாறு

இராஜாஜியின் பொருளாதாரக் கருத்துகள் முதுமையில் திடீரென முளைத்தவை அல்ல. 1937இல் பிரதமரானதும் அவர் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். இந்தியாவில் அவ்வகை வரிக்கு அதுவே தொடக்கம். ‘சிறு அரசு’ பேசிய தலைவர் ஒருவர் மாநிலங்களின் மிகப் பெரிய வரிக்கு வழிகாட்டியாக இருந்தது வேடிக்கையான செய்தி. ஆனால் அவர் வரியை எதிர்த்தவர் அல்லர். கணக்கில் அடங்காத செலவையே எதிர்த்தார். குடும்பச் செலவைக் கட்டுக்குள் வைக்கும் பெரியவரின் மனப்பான்மை அவருடைய நிதிநிலைப் பேச்சுகளில் எப்போதும் தெரியும்.

1952 பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 மட்டுமே கிடைத்தன. ஓய்வில் இருந்த இராஜாஜி அழைத்துவரப்பட்டு, ஆளுநர் ஸ்ரீ பிரகாசாவால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். தேர்தலில் நிற்காதவர் முதலமைச்சராகலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்த நெருக்கடியில் அது தவிர்க்க முடியாத ஏற்பாடு என்றனர் ஆதரித்தோர்.

அவ்வாட்சியின் முதல் பெரிய முடிவு 1952 ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. போர்க்காலம் தொட்டு அரிசிக்கு ரேஷன் இருந்தது. நெல்லை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு எடுத்துச் செல்லத் தடை இருந்தது. ஊரெல்லைகளில் சோதனைச் சாவடிகள், விவசாயிக்குக் கட்டாயக் கொள்முதல். தலைச்சுமையாக நாலு படி அரிசி கொண்டு போகும் பெண்ணைக் கூடச் சாவடியில் மடக்கிய காலம் அது. கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும் என்று அஞ்சினோர் பலர். இராஜாஜி எடுத்தார், அப்போதைய மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயும் அதே எண்ணம் கொண்டவர் என்பதால் டெல்லி தடுக்கவில்லை. பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது, பஞ்சம் வரவில்லை. ஓர் அதிகாரியின் சீட்டைவிட ஒரு வியாபாரியின் கணக்கு ஊருக்கு அதிகம் சோறு போடும் என்ற அவருடைய நம்பிக்கை இந்த அனுபவத்தில் உறுதிப்பட்டது. சுதந்திராக் கட்சியின் விதை இங்கேதான் விழுந்தது என்று கொள்வது தவறாகாது.

அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்ற 1953இன் தொடக்கக் கல்வித் திட்டம் ‘குலக்கல்வி’ எனப் பெயர் பெற்று எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1954 ஏப்ரலில் அவர் விலக, காமராஜர் முதலமைச்சரானார்.

ஆவடித் தீர்மானம்

1955 ஜனவரியில் காங்கிரசின் 60ஆவது மாநாடு ஆவடியில் யு. என். தேபர் தலைமையில் கூடியது. மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சமதர்ம பாணிச் சமுதாயம் அமைப்பதே திட்டமிடலின் குறிக்கோள் என்ற தீர்மானம் இங்கு நிறைவேறியது. ஆவடி அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தில் இப்போது உள்ளது. அடுத்து வந்த 1956 தொழிற்கொள்கைத் தீர்மானமும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் ஆவடியின் நேர் விளைவுகள்.

சென்னையின் வடக்கு, மேற்குப் புறங்களில் அப்போதே தொழில் தலையெடுத்திருந்தது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் (பின்னர் அசோக் லேலண்ட்), அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை ஆகியவை எடுத்துக்காட்டுகள். இவ்வட்டாரத்தில் புதிதாக ஆலை தொடங்கவோ, இருக்கும் ஆலையைப் பெரிதாக்கவோ, புதுச் சரக்கு ஒன்றைச் செய்யவோ விரும்பிய முதலாளி 1951ஆம் ஆண்டுத் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி டெல்லியில் லைசென்ஸ் பெற வேண்டும். எந்திரத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க இறக்குமதி லைசென்ஸ் வேறு. பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் வேறு. எஃகுக்கும் சிமென்டுக்கும் கோட்டா. அரசு முதலீடு ஆவடிக்கே வந்தது: டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் எழுந்தது.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் இராஜாஜி வைத்த பெயர் ‘பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்’. பின்னாளில் அவர் பெயரை அறியாதவர்களும் அச்சொல்லை ஆண்டார்கள். லைசென்ஸ் முறை பணக்காரரைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டாலும், டெல்லியில் ஆள் வைத்துக் காத்திருக்க வசதியுள்ள பெரிய நிறுவனத்துக்கே அது காவல். புதிதாக வருபவனுக்கு அது பூட்டு என்பது அவர் வாதம். லைசென்ஸ் பெற்றவர் நன்றிக்கடனாக ஆளுங்கட்சிக்குத் தேர்தல் நிதி தருவார், அந்த நிதியால் கட்சி மீண்டும் ஆளும், மீண்டும் லைசென்ஸ் வழங்கும் என்ற சுழற்சியையும் அவர் சுட்டிக்காட்டினார். அவர் கட்சியை ‘முதலாளிகள் கட்சி’ என்று வைதவர்களும் உண்டு.

கட்சியின் தோற்றம்

ஆவடி தொழிலைத் தொட்டது. நிலத்தைத் தொட்டது நாகபுரி. 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவு முறைக் கூட்டுப்பண்ணை விவசாயத்தை ஆதரித்துத் தீர்மானம் இயற்றியது. உழவனின் வரப்பை அழித்து நிலத்தை ஒன்றாக்கும் முயற்சி இது என்று கிளர்ந்தவர்களில் ஆந்திரத்து உழவர் தலைவர் என். ஜி. ரங்கா முதன்மையானவர். 1959 ஜூன் 4 அன்று சென்னையில் இராஜாஜி புதுக்கட்சியை அறிவித்தபோது ரங்காவும் பம்பாயின் மினு மசானியும், சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைத்த பணியில் பட்டேலுக்கு வலக்கையாக இருந்த வி. பி. மேனனும் உடனிருந்தனர். ரங்கா தலைவரானார், மசானி பொதுச் செயலாளர். கட்சிக்கு 21 அடிப்படைக் கொள்கைகள், சின்னம் நட்சத்திரம். அக்கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட பொருள்களில் உறுப்பினர் தம் மனம்போல் வாக்களிக்கலாம் என்ற விதி அன்றைய இந்தியக் கட்சிகளில் புதுமை.

1962இல் மக்களவையில் 18 இடங்களும் சென்னைச் சட்டமன்றத்தில் 6 இடங்களும் கிடைத்தன. 1967இல் முறையே 44, 20. இந்த வளர்ச்சியில் ராஜஸ்தான், ஒரிசா முன்னாள் அரச குடும்பங்களின் செல்வாக்குக்குப் பங்கு உண்டு. குஜராத்தில் நிலமுடைய உழவர்களுக்கும் உண்டு.

நிலமும் அரசமைப்பும்

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது திருத்தம் (1964) இராஜாஜி மிகவும் கடுமையாக எதிர்த்த மத்திய நடவடிக்கை. அதுவரை ‘எஸ்டேட்’ என்ற சொல் ஜமீன் போன்ற நிலங்களையே குறித்தது. திருத்தம், உழவர் நேரடியாக அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி நிலத்தையும் அதனுள் சேர்த்தது. 44 சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் ஏற்றி, அடிப்படை உரிமைகளின் பேரில் அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழியை அடைத்தது. தமிழ்நாட்டு நிலத்தின் பெரும்பகுதி ரயத்துவாரி என்பதால் இது இங்கு நேரடியாக உறைத்தது. சென்னை அரசின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தை (30 தர ஏக்கர்) உச்ச நீதிமன்றம் 1964 மார்ச்சில் செல்லாது என்றது. சில மாதங்களில் வந்த திருத்தம் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. ஜமீன்தாருக்காக அல்ல, பட்டாதாரருக்காகவே பேசுகிறோம் என்றது சுதந்திராக் கட்சி. நிலமே இல்லாத உழவுக்கூலிகளைப் பற்றி அக்கட்சி ஏடுகளில் மிகக் குறைவாகவே காணப்படுகிறது.

1967 பிப்ரவரியில் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தம் செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சி அதைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. ஒன்பதாம் அட்டவணையை உருவாக்கிய முதல் திருத்தம் 1951இல் நிறைவேறியபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் இராஜாஜிதான் என்பதையும், அதே ஆண்டு பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அவையில் நடத்திக் கொடுத்தவரும் அவரே என்பதையும் எதிர்த்தரப்பினர் நினைவூட்டத் தவறவில்லை.

1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வென்ற ஆர். சி. கூப்பர் சுதந்திராக் கட்சிக்காரர் (தீர்ப்பு 10 பிப்ரவரி 1970). மன்னர் மானிய ஒழிப்பு மசோதா 1970 செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் 149 ஆதரவும் 75 எதிர்ப்பும் பெற்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கிலும் குறைவாகவே பற்றாமல் தோற்றது. சமஸ்தானங்களுக்கு அரசு எழுதிக் கொடுத்த வாக்கை அரசே மீறலாகாது என்பது இராஜாஜியின் நிலை. இவ்விரு பொருளிலும் தி.மு.க. இந்திரா காந்தியை ஆதரித்தது. 1967 தேர்தலில் கூட்டணி சேர்ந்திருந்த சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வும் பிரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மொழி

1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் இராஜாஜி. அந்தப் போராட்டத்தில் நடராசனும் தாளமுத்துவும் சிறையிலிருந்தபோது நோயுற்று இறந்தனர். 1950களின் பிற்பகுதியில் அவர் முழுமையாக மாறினார். இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழியானால் இந்தி பேசாதவர் இரண்டாந்தரக் குடிமக்களாவர், ஆங்கிலமே தொடர வேண்டும், அரசமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியைச் செயற்படுத்தக் கூடாது என்று எழுதினார். இந்தி ஆட்சிமொழியாவதற்குக் குறிக்கப்பட்டிருந்த 1965 ஜனவரி 26 நெருங்கியபோது கிளர்ந்த மாணவர்கள், ஒரு காலத்தில் தங்கள் தந்தையர் எதிர்த்த அதே மனிதரைத் துணையாகக் கொண்டனர். இம்மாற்றத்தைச் சந்தர்ப்பவாதம் என்போர் உண்டு. நாட்டின் ஒருமைதான் இரு முறையும் அவர் குறி, வழிதான் மாறியது என்போரும் உண்டு.

மொழிவாரி மாநிலங்களையும் அவர் விரும்பியதில்லை. 1956இல் தட்சிணப் பிரதேசம் என்ற கூட்டு மாநில யோசனையை ஆதரித்தார், அது எடுபடவில்லை. ஆனால் மொழிவாரி எல்லையின் பயன் ஆவடி உள்ள இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதிக்கும் கிடைத்தது: ம. பொ. சிவஞானம் முதலியோரின் எல்லைப் போராட்டத்தின் பின், எல்லைச் சிக்கலின் நடுவர் பட்டாஸ்கரின் பரிந்துரைப்படி, ஆந்திரத்தோடு போன திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது.

பிற கருத்துகள்

அணு ஆயுதச் சோதனையை நிறுத்த வலியுறுத்தி 1962இல் அமெரிக்கா சென்று கென்னடியைச் சந்தித்தார்; உடன் சென்றோர் ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ். காஷ்மீர்ச் சிக்கலில் சமரசத்தை ஆதரித்தார். விடுதலையான ஷேக் அப்துல்லா 1964 மே மாதம் சென்னை வந்து அவரைக் கண்டார். மதுவிலக்கை 1971இல் தமிழக அரசு தளர்த்தியது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கே இழப்பீடு, ஏற்கெனவே நடத்துவோருக்கு இல்லை என்ற மத்திய அரசின் நிலையை அதற்குக் காரணமாக முதலமைச்சர் மு. கருணாநிதி காட்டினார். இராஜாஜி அவரை வீடு தேடிச் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிற்காலம்

1971 தேர்தலில் காமராஜருடன் கூட்டுச் சேர்ந்தும் பயனில்லை. மக்களவையில் கட்சிக்கு 8 இடங்களே கிடைத்தன. இராஜாஜி மறைந்த பின், 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை நீக்கப்பட்டது. ஆவடி உள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை சிப்காட் வளாகங்களில் இன்று பல ஆலைகள் இயங்குகின்றன.

1989 முதல் நடைமுறையில் உள்ள மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற விரும்பும் எந்தக் கட்சியும் சமதர்மக் கோட்பாட்டுக்கு உண்மையாக இருப்போம் எனத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். மகாராஷ்டிரத்தில் சுதந்திராக் கட்சியை மீண்டும் தொடங்க முயன்றவர்கள் இந்தப் பிரிவை எதிர்த்துப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1990களில் வழக்குத் தொடர்ந்தார்கள். பிரிவு இன்றும் சட்டத்தில் இருக்கிறது.