விழுங்க மாட்டாதார் வரலாறும் நம் கடமையும்

பசித்தார்க்குச் சோறிடுதலைப் பேரறமென்று போற்றும் நாம், சோறிருந்தும் விழுங்கமாட்டாதாரைக் குறித்துச் சிந்தித்ததுண்டா? பேராக் ரப்பர்த் தோட்டங்களிலும் சரி, ஈப்போ நகரத்திலும் சரி, பக்கவாதம் கண்டவருக்குக் கஞ்சி புரையேறினால் "தலையெழுத்து" என்று கைகழுவுவோர் நம்மிடையே இன்றும் உளர். விழுங்குதலை நடத்தும் மூளைப்பகுதி தாக்குண்டமையால் உணவு மூச்சுக்குழலிற் புகுகின்றது. இது விதியன்று, நோயே.

இந்நோய்க்குரிய பயிற்சிமுறை அண்மைக் காலத்தில் வளர்ந்தது. அமெரிக்காவில் ஜெரி லோகமன் அம்மையார் 1983-ல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஆதாரமாயிற்று. 1988-ல் சூசன் லாங்மோர் அம்மையாரும் உடனாய்ந்தோரும், மூக்கின் வழியே நுண்குழாய் செலுத்தித் தொண்டையை நேரே காணும் முறையை வெளியிட்டனர். நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995-ல் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று.

முன்னைய கொள்கை எளியது: நீர் புரையேறினால் கெட்டியாக்கிக் கொடு, அதுவும் ஆகாதெனில் மூக்கிற் குழாயிடு. இதனை அசைத்தது பின்வந்த ஆராய்ச்சியே. விழுங்கற்குறை மட்டுமே நுரையீரல் அழற்சியை விளைவிப்பதில்லை. பிறர் ஊட்ட உண்ணும் நிலையும், தூய்மையற்ற வாயும், சொத்தைப் பற்களும் சேர்ந்தே விளைவிக்கின்றன என்று 1998-ல் லாங்மோர் குழுவினர் காட்டினர். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் வாயைத் தூய்மை செய்யவே அழற்சி குறைந்தமை 1999-ல் வெளியாயிற்று. 2008-ல் வெளியான 515 நோயாளரின் ஆராய்ச்சியில், கெட்டி நீரால் அழற்சி குறைந்ததென்று நிலைநாட்ட இயலவில்லை; நீர்வறட்சியோ கெட்டி நீர் குடித்தோரிடையே மிகுதியாயிற்று.

2013-ல் தொடங்கிய உலக முயற்சியொன்று உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுத்தது. அதன் சோதனைக்குப் பெரும் இயந்திரம் வேண்டா. 10 மில்லி லிட்டர் ஊசிக்குழலும் முள்ளுக்கரண்டியும் போதும்.

இவ்வளவும் நம் அடுப்படிக்கு வந்தாலன்றிப் பயனென்ன? நோயாளிக்கு ஏற்றதென்று நாம் நம்பும் ரசஞ்சோற்றில் நீர் தனியே ஓடும், பருக்கை தனியே நிற்கும்; பலவீனமான தொண்டைக்கு இக்கலப்பே கடினம். பருக்கை மிதக்கும் நீர்க்கஞ்சியும் அத்தகையதே. ஆகவே நமது உணவை அறிந்து வழிகாட்டும் பயிற்சியாளர் தேவை. அவர் சொல்வதைத் தமிழில் விளக்குவோரும் தேவை.

அன்பர்களே! நோயாளியைப் படுக்கவைத்து ஊட்டாதீர். நிமிர்த்தி உட்காரவைத்து, நாள்தோறும் வாயைத் தூய்மை செய்து, வைத்தியரையும் பயிற்சியாளரையும் நாடுங்கள். எதை உண்ண விருப்பமென்று அவரையே கேளுங்கள். வாய்வழி உண்ணும் இன்பமும் மனிதனின் உரிமையன்றோ?