வாட்டினால் சாறு நிற்குமா?

வேட்டையாடிக் கொணர்ந்த இறைச்சியை அடுப்பிலேற்றுமுன் இரண்டு காரியங்கள் செய்வது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். ஒன்று, காடியிலோ உப்பு மஞ்சளிலோ ஊறவைத்தல். மற்றொன்று, கடுந்தீயில் மேற்புறம் சிவக்கும்படி வாட்டுதல். இவை எதற்காக என்று வினவினால், ஊறவைப்பது முடைநாற்றத்தையும் நோயையும் போக்கும் என்றும், வாட்டுவது சாறு வெளியேறாதபடி அடைத்துவிடும் என்றும் விடை கிடைக்கும். இவ்விடைகளில் மெய் எத்துணை, பொய் எத்துணை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இஃது அடுக்களை விஷயந்தானே என்று அன்பர்கள் தள்ளிவிட வேண்டா. இதில் உயிரும் அடங்கியிருக்கிறது.

ஊறவைத்தலை முதலில் எடுத்துக்கொள்வோம். இதனைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லே கடலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. உப்பு நீரில் இட்டு இறைச்சியைக் கெடாமற் காத்தலே அதன் பழைய பொருள். போர்ச்சுக்கீசியர் பன்றியிறைச்சியைத் திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்துச் சமைத்தனர். 1510ஆம் ஆண்டில் கோவாவைக் கைப்பற்றிய அவர்களோடு இம்முறையும் அங்கே குடியேறிற்று. மதுவுக்குப் பதிலாகத் தென்னங்கள்ளின் காடியும், அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த மிளகாயும் சேர்ந்தன. ‘விந்தாலு’ என்னும் கறி இவ்வாறு தோன்றியதே. 1511இல் மலாக்கா அவர்கள் வசமாயிற்று. இன்றும் மலாக்காவில் வாழும் போர்ச்சுக்கீசிய வழியினர் தம் கறிகளிற் சிலவற்றிற்குக் காடி சேர்ப்பது அந்தப் பழந்தொடர்பின் அடையாளமாகும்.

நிற்க. காட்டு விலங்கின் இறைச்சிக்கு இது தேவைப்பட்ட காரணமும் தெளிவானதே. பட்டியில் அடைத்துக் கொழுக்க வைத்த பன்றியைப் போலன்றி, காட்டுப்பன்றி நாள்தோறும் ஓடித் திரிந்து உழைப்பது. அதன் தசை இறுகியது, கொழுப்புக் குறைந்தது, தசைகளைப் பிணைக்கும் நார்ப்பொருள் உரம் வாய்ந்தது. புளிப்பு அந்நாரைச் சிறிது நெகிழ்த்தும் என்பது உண்மை. ஆயினும் பல மணி நேரம் ஊறினாலும் புளிப்பு சில மில்லிமீட்டர் ஆழத்திற்கு மேற் செல்வதில்லை. உப்பே அதனினும் ஆழச் செல்லும். முதிர்ந்த ஆண் பன்றியின் வீச்சமோ பெரிதும் கொழுப்பிற் கரைந்து நிற்பது. அது காடிக்கு அஞ்சி ஓடுவதன்று. கொழுப்பை அரிந்து எறிவதே அதற்கு வழி. நாரை உண்மையில் இளகச் செய்வது நெடுநேரம் நிதானமான தீயில் வேகவைத்தலே. அப்பொழுதுதான் அந்நார் கரைந்து கூழாகி, இறைச்சி மெத்தென்றாகிறது.

இனி வாட்டுதலுக்கு வருவோம். இதன் வரலாறு வியப்புக்குரியது. மேற்புறத்தை வாட்டினால் சாறு உள்ளேயே நிற்கும் என்பது ஏதோ பாட்டி காலத்துப் பழங்கதை என்று பலர் எண்ணுவர். அன்று. இதற்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தவர் கல்வியிற் சிறந்த ஜெர்மானிய இரசாயன வல்லுநர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக் (1803-1873) என்பவர். 1847ஆம் ஆண்டில் இறைச்சியின் இரசாயனத்தைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். இறைச்சியைத் தொடக்கத்திலேயே கடுஞ்சூட்டிற்கு உட்படுத்தினால், முட்டையின் வெண்கரு உறைவதுபோல் மேற்புறத்துப் புரதம் உறைந்து ஓடாகி, உள்ளிருக்கும் சாற்றைக் காக்கும் என்பது அவர் கொள்கை. அதே ஆண்டில் அந்நூல் ஆங்கிலத்தில் வந்தது. எலைஸா ஆக்டன் அம்மையார் புகழ்பெற்ற தம் சமையல் நூலின் 1855ஆம் ஆண்டுப் பதிப்பை லீபிக்கின் கொள்கைகளுக்கு இணங்கத் திருத்தி வெளியிட்டார். அதற்குமுன் இறைச்சியைத் தீக்குச் சற்று விலக்கி வைத்து வேகவிட்டு, இறுதியில் மட்டும் சிவக்க வைத்த சமையற்காரர்கள், பேராசிரியர் சொல்லைக் கேட்டு முறையையே மாற்றிக்கொண்டனர்!

இக்கொள்கையை எவரும் நிறுத்துப் பார்க்கவில்லையா? பார்த்தனர், ஆனால் நெடுங்காலம் கழித்து. 1930ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், வாட்டிய இறைச்சியையும் வாட்டாத இறைச்சியையும் சமைத்து எடைபோட்டுப் பார்த்தபோது, வாட்டியதும் அதே அளவு, சில வேளை அதனினும் மிகுதியாகவே, நீரை இழந்திருந்தது. இதற்கு ஆராய்ச்சிக்கூடமும் வேண்டுவதில்லை. சட்டியில் இறைச்சி ‘சுர்’ரென்று ஒலிக்கிறதே, அவ்வொலி எதனால்? வெளிவரும் சாறு சூட்டிற் கொதித்து ஆவியாவதனால். ஓடு அடைத்திருக்குமாயின் ஒலி நின்றுபோக வேண்டும். அது நிற்பதில்லை.

அங்ஙனமாயின் வாட்டுதல் வீணோ? வீணன்று. 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீய் மையார் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். சூட்டினால் சர்க்கரைப் பொருளும் புரதத்தின் கூறுகளும் கூடி, புதிய நிறமும் மணமும் உடைய பொருள்கள் உண்டாகின்றன. வாட்டிய இறைச்சியின் சுவைக்குக் காரணம் இதுவே. ஆகவே செயல் நன்று. அதற்குச் சொன்ன காரணமே பிழை.

காரணம் பிழையானால் என்ன, கறி சுவைத்தாற் போதாதோ என்று சிலர் கேட்கலாம். போதாது. பிழையான காரணத்தை நம்புவோன் பிழையான இடத்தில் அச்சம் நீங்கிவிடுகிறான். டிரிக்கினெல்லா என்னும் நுண்புழு பன்றியின் தசையில் சுருண்டு கிடப்பது. இதனை 1835ஆம் ஆண்டில் லண்டனில் மனிதச் சடலமொன்றில் ஜேம்ஸ் பாஜெட் என்னும் மாணவர் கண்டார். ரிச்சர்ட் ஓவன் அதற்குப் பெயரிட்டார். 1860ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரில் மாண்ட ஓர் இளம்பெண்ணின் உடலைச் சோதித்த ஃபிரீட்ரிக் ஸெங்கர், இப்புழுவே உயிரைக் குடித்தது என்று நிறுவினார். 1865இல் ஹெடர்ஸ்லேபன் என்னும் ஜெர்மானியச் சிற்றூரில் வேகாத பன்றியிறைச்சியை உண்டு 337 பேர் நோயுற்றனர். அவர்களுள் 101 பேர் மாண்டனர். இறைச்சியை நுண்ணோக்கியாற் சோதித்த பின்னரே விற்க வேண்டும் என்று ருடால்ஃப் விர்ச்சோ வாதாடியது இத்தகைய சாவுகளைக் கண்டே.

நமக்கு அண்மையிலுள்ள தாய்லாந்தில், மே ஹோங் சோன் மாநிலத்தில் 1962ஆம் ஆண்டில் இந்நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. பின்னர்க் காட்டுப்பன்றியிறைச்சியைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டதனாலும் அந்நாட்டில் பலர் நோயுற்றிருக்கின்றனர். காட்டுப்பன்றி எலியையும் செத்த பிராணிகளையும் தின்பதாதலின், புழு அதனை எளிதிற் பற்றுகிறது. உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல் ஆகியவற்றை மட்டும் நம்பினால் அப்புழு சாகும் என்பதற்கு உறுதியில்லை. மேலே சில மில்லிமீட்டர் மட்டும் புகும் காடியும், மேற்புறத்தை மட்டும் தீண்டும் தீயும் நடுத்தசையில் உறங்கும் புழுவை என்ன செய்ய முடியும்? நடுப்பகுதியும் 71 டிகிரி சூட்டை அடைய வேகவைத்தலே இன்று மருத்துவத் துறையினர் கூறும் காப்பு.

தோட்டங்களில் காட்டுப்பன்றி கிடைத்த நாளில் மஞ்சளும் மிளகும் இட்டு, நெடுநேரம் கொதிக்கவிட்டு, நீர் சுண்டியபின் வறுத்தெடுக்கும் பெண்டிர் லீபிக்கின் பெயரைக் கேட்டதில்லை. எனினும் அவர்கள் கையாளும் வரிசையில் வேக்காடு முந்துகிறது. சிவக்க வறுப்பது பிந்துகிறது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மிற் சிலரோ, அச்சிட்ட ஆங்கில நூலில் இருக்கிறது என்னும் ஒரே காரணத்தால், மேற்புறம் சிவந்து உள்ளே இரத்தம் கசியும் துண்டத்தை நாகரிகம் என்று மெச்சுகின்றனர். மாட்டிறைச்சியில் அது அவரவர் விருப்பமாகலாம், காட்டுப்பன்றியில் ஆகாது.

லீபிக் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. பேரறிஞர் சொல்லும் தராசில் நிறுக்கப்பட வேண்டுவதே. எண்பது ஆண்டுகளுக்கு மேல் அதனை நிறுக்காமல் நம்பினர். நிறுக்கத் தேவைப்பட்டதோ ஒரு தராசும் இரண்டு துண்டு இறைச்சியுமே.