மலையேறிய சபை: பாலக்காடு, இடுக்கி எல்லையில் மிஷன் பயணங்கள்

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே மதிலாக நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய வாசல் ஒன்றே ஒன்றுதான்: சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். அதற்குத் தெற்கே ஆனைமலை எழுகிறது. ஆனைமுடியில் 2,695 மீட்டரைத் தொட்டு, ஏலமலையாக இடுக்கி முழுக்கப் பரவுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் இரண்டு பக்கமும் போனார்கள். கணவாய்க்குப் போனவர்களின் கதையும் மலைக்குப் போனவர்களின் கதையும் வேறு வேறாக அமைந்ததற்கு முதற்காரணம் வழிதான்.

பாலக்காட்டில் பாசல் மிஷன் 1858-இல் கிளை தொடங்கியது. 1834-இல் மங்களூரில் காலூன்றிய இந்த ஜெர்மன்-சுவிஸ் சங்கம் மலபார்க் கரையோரம் இறங்கி வந்து, கண்ணூர், தலச்சேரி, கோழிக்கோடு ஆகிய ஊர்களில் நிலைத்த பின்னரே உள்நாட்டுக்கு நகர்ந்தது. 1862-க்குள் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கிவிட்டதால், மாட்டுவண்டியில் பல நாள் பிடித்த பயணம் சுருங்கியது. பாலக்காட்டு மிஷனுக்குப் பெரிய தடை வந்தது வழியால் அல்ல, போரால். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் அரசு ஜெர்மன் மிஷனரிகளைக் காவலில் வைத்துப் பின்னர் நாடு கடத்தியது. மிஷனின் நெசவாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. சபைகளை நடத்தும் பொறுப்பு உள்ளூர்ப் போதகர்கள்மீதும் மூப்பர்கள்மீதும் விழுந்தது.

தெற்கே, மலைக்குப் போன மிஷனின் கதை ஓர் அழைப்பில் தொடங்குகிறது. சர்ச் மிஷனரி சங்கத்தின் ஹென்றி பேக்கர் (இளையவர்) கோட்டயத்துக்கு அருகே பள்ளம் என்ற ஊரில் இருந்தார். அவருடைய தாய் தஞ்சாவூர் மிஷனில் பேர்பெற்ற கோல்ஹாஃப் குடும்பத்துப் பெண். 1848 வாக்கில் மலைவாழ் அரையர்களின் தலைவர்கள் சிலர் காட்டிலிருந்து இறங்கி பள்ளத்துக்கு நடந்து வந்து, தங்கள் ஊர்களில் பள்ளிக்கூடம் வைக்கும்படி கேட்டார்கள். சமவெளியில் கைநிறைய வேலை இருந்ததால் பேக்கர் தயங்கினார். அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். ஐந்து முறை கூப்பிட்டும் வரவில்லையே என்று அவர்கள் முறையிட்டதைப் பேக்கரே பதிவு செய்திருக்கிறார். மிஷனரி மலையைத் தேடிப் போனார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. இங்கே முதலில் நடந்தவர்கள் மலைமக்கள்.

அந்தக் காட்டில் சாலை கிடையாது. ஆறுகளைக் கடந்து, ஒற்றையடித் தடத்தில் யானைக்கூட்டம் விலகும்வரை காத்திருந்து போகவேண்டும். யானைக்குப் பயந்து அரையர்கள் மரத்தின்மேல் ஏறுமாடம் கட்டி இரவில் அதில் தங்கினார்கள்; பேக்கர் 1862-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இந்த வாழ்க்கை விரிவாக இடம்பெறுகிறது. அவர்கள் காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்து, ஓரிரண்டு வருஷத்தில் இடம் மாறுவார்கள். ஓரிடத்தில் பள்ளி கட்டினால் அடுத்த வருஷம் பிள்ளைகள் வேறு குன்றில் இருப்பார்கள். மழைக்காலத்தில் அருவிகள் பெருகிப் பாதை அடைபடும். மழை விட்டதும் மலைக்காய்ச்சல் பிடிக்கும். போதாததற்குச் சமவெளியின் சிறு பிரபுக்களும் அதிகாரிகளும் எதிர்த்தார்கள். எழுத்தறிந்த அரையன் ஊதியமின்றி வேலை செய்ய மறுப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பேக்கர் முண்டக்கயத்தை நிலையமாக்கினார். மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊர், மேலே போக முடியாத நாட்களில் காத்திருக்கும் இடமாகவும் காய்ச்சல்காரர் இறங்கி வரும் இடமாகவும் பயன்பட்டது. ஆனால் ஒரு மிஷனரி சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துபோவதால் சபை நிலைக்காது. மலையிலேயே தங்கி, பகலில் பிள்ளைகளுக்கு எழுத்தும் மாலையில் பெரியவர்களுக்கு ஜெபமும் சொல்லித்தந்த உபதேசிமார்தான் அதைத் தாங்கினார்கள். பேக்கர் 1878-இல் இறந்த பிறகும் அரையர்கள் வாழும் மேலுகாவு பகுதியில் சபை தொடர்ந்தது. 1980-களில் தென்னிந்தியத் திருச்சபையின் கிழக்குக் கேரளப் பேராயம் உருவானபோது அதன் தலைமையிடம் மேலுகாவில் அமைந்தது.

பேக்கர் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் மலையின் வடபகுதியில் வேறொரு குடியேற்றம் தொடங்கியது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னர் அங்கே உருவான தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆள் சேர்க்கும் கங்காணிமார் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவது அவர்களுடைய பாதை. அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மலையில் ஆலயம் எழும்புவதற்கு முன்பே விசுவாசம் மூட்டை முடிச்சுகளோடு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு வந்துவிட்டது.

கண்ணன் தேவன் மலைகளில் உள்ள மூணாற்றில் ஆலயத்துக்கு முன்னால் வந்தது கல்லறை. தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் இளம் மனைவி எலனோர் 1894-இல் மலைக்கு வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்தார். அவரை ஒரு குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். 1900-இல் பேராயர் நோயல் ஹாட்ஜஸ் அந்த இடத்தைக் கல்லறைத் தோட்டமாக அர்ப்பணம் செய்தார். அதன் அடிவாரத்தில் 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்ட கிறிஸ்து ஆலயம் 1911 ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறன்று அர்ப்பணிக்கப்பட்டது. தோட்டத் துரைமாருக்காகக் கட்டிய அந்த ஆலயத்தில் இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு 1898-இல் ஸ்பானிய கார்மேல் துறவி அல்போன்ஸ் மூணாற்றில் கார்மேல் மாதா ஆலயத்தைத் தொடங்கினார். 1930-இல் விஜயபுரம் மறைமாவட்டம் பிறந்தபோது மூணாறு அதில் சேர்ந்தது. 2024-இல் அந்த ஆலயம் பசிலிக்காவாக உயர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயணம் சற்று எளிதானது. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி போடப்பட்டு, 1908-இல் அது குறும்பாதை ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் அடிவாரத்துக் கொட்டக்குடிக்கு இறங்கின. 1924 ஜூலையில் பெருமழை வெள்ளம் ரயில்பாதையை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099-இல் நடந்ததால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். ரயில்பாதை மீண்டும் போடப்படவில்லை. பூயம்குட்டி, மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குப் போன பழைய சாலையும் நிலச்சரிவில் அழிந்தது. நேரியமங்கலம் வழியாகப் புதுச்சாலை 1931-இல் திறக்கப்பட்டது. பெரியாற்றின் குறுக்கே பாலம் 1935-இல் வந்தது.

1940-களில் உணவுப் பஞ்சம் திருவிதாங்கூர் விவசாயிகளை இடுக்கிக் காடுகளுக்கும், மலபாரில் பாலக்காட்டு மலையோரத்துக்கும் விரட்டியது. அவர்களில் இருந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மிஷனரி யாரும் முன்னே போகவில்லை. குடிசை போட்டு, மரவள்ளி நட்டு, ஓலைக்கொட்டகையில் ஜெபம் தொடங்கிய பின்பே குருவை வரவழைத்தார்கள். 1974-இல் பாலக்காடும் 2003-இல் இடுக்கியும் சீரோ மலபார் கத்தோலிக்க மறைமாவட்டங்களாயின.

அரையர், தோட்டத் தொழிலாளர், குடியேற்ற விவசாயி என்று மூன்று கூட்டத்தாருக்கும் பொதுவானது ஒன்றுண்டு. மழையோ காய்ச்சலோ வழியடைப்போ குருவை நிறுத்திவைத்த மாதங்களில் சபை மலையிலேயே இருந்தவர்களின் கையில் இருந்தது. மிஷன் அறிக்கைகளில் பயணம் செய்தவர்களின் பெயர்கள் மிகுதி. ஏறுமாடத்திலும் லயத்திலும் ஓலைக்கொட்டகையிலும் ஜெபத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெயர் எழுதப்படவில்லை. அவர்கள் தொடங்கிய சபைகளில் பல இன்றும் நடக்கின்றன.