வெளிவெப்பநிலையும் தானுந்தின் எரிபொருள் நுகர்வும்

கார் என வழங்கும் தானுந்து குறிப்பிட்ட தொலைவைக் கடக்கச் செலவிடும் எரிபொருளின் அளவு, சுற்றுப்புறக் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்து மாறுபடுகிறது. மிதமான வெப்பநிலையில் நுகர்வு குறைவாகவும், கடுங்குளிரிலும் கடும் வெயிலிலும் கூடுதலாகவும் இருக்கும். குளிரில் பொறி, டயர், காற்றுத்தடை எனப் பலவும் இதற்குக் காரணமாகின்றன. வெயிலில் பெரும்பாலும் குளிர்சாதனமே காரணம். இரு நிலைகளிலும் குறுந்தொலைவுப் பயணங்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

குளிரின் விளைவுகள்

பொறி சூடாகும் காலம்: பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் நன்கு எரியும். குளிர்ந்த பொறியில் அதன் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடுகிறது. இதை ஈடுசெய்ய, பொறியின் கட்டுப்பாட்டுக் கணினி வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைச் செலுத்துகிறது. பொறி சூடேறியதும் இக்கூடுதல் அளவு நிறுத்தப்படுகிறது. வெளியே குளிர் மிகும்போது பொறி சூடேற நெடுநேரம் ஆகிறது.

உராய்வு: குளிரில் மசகு எண்ணெயின் பாகுநிலை உயர்கிறது, அதாவது எண்ணெய் எளிதில் ஓடாமல் கெட்டியாகிறது. இதனால் பொறியிலும் பற்சக்கரப் பெட்டியிலும் உராய்வு மிகுந்து ஆற்றல் வீணாகிறது.

காற்றுத்தடை: குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஒரே வளி அழுத்தத்தில், 25 பாகை செல்சியசில் உள்ள காற்றைவிட −7 பாகையில் உள்ள காற்று ஏறத்தாழ 12 விழுக்காடு அடர்த்தியானது. அதே விகிதத்தில் காற்றுத்தடையும் கூடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இது முக்கியமானது.

டயர் அழுத்தம்: வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைந்தால் டயரின் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவு குறைகிறது. அழுத்தம் குறைந்த டயர் உருளும்போது கூடுதல் ஆற்றலை விழுங்குகிறது.

எரிபொருளின் தன்மை: குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் எளிதில் ஆவியாகும் பெட்ரோல் வகை விற்கப்படுகிறது. கோடைகால வகையைவிட இதன் லிட்டர் ஒன்றுக்கான ஆற்றல் சற்றுக் குறைவு.

அளவீடுகள்

நகரப் பயணத்தில், 25 பாகையுடன் ஒப்பிட, −7 பாகையில் வழக்கமான பெட்ரோல் தானுந்தின் மைலேஜ் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவதாக ஐக்கிய அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி கூறுகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் பயணங்களில் இக்குறைவு 24 விழுக்காடு வரை செல்லலாம். எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் தானுந்து, அத்தகைய குறும்பயணங்களில் 11.4 கிலோமீட்டர் மட்டுமே தரக்கூடும்.

வெப்பத்தின் விளைவுகள்

வெப்பம் பொறிக்குச் சிறிது உதவவும் செய்கிறது: பொறி விரைவில் சூடேறுகிறது, காற்றுத்தடையும் குறைகிறது. ஆனால் குளிர்சாதனத்தின் அமுக்கி பெரும்பாலான தானுந்துகளில் பொறியின் ஆற்றலைக் கொண்டே இயங்குவதால் இந்த ஆதாயம் மறைந்துவிடுகிறது. மிகு வெப்பத்தில் குளிர்சாதனம் மைலேஜை 25 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைக்கக்கூடும். வெயிலில் நின்ற வண்டியின் உட்புறத்தைக் குளிர்விக்கத் தொடக்கத்தில்தான் மிகுதியான ஆற்றல் தேவைப்படுகிறது. குறும்பயணங்கள் கூடுதலாகப் பாதிக்கப்படுவது இதனாலேயே.

மின் தானுந்துகள்

பெட்ரோல் தானுந்தில் உட்புறத்தைச் சூடாக்கப் பொறியின் கழிவு வெப்பமே போதுமானது. மின் தானுந்தில் கழிவு வெப்பம் குறைவு என்பதால், சூடாக்கியும் மின்கலத்திலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. ஏஏஏ எனப்படும் அமெரிக்கத் தானுந்துக் கழகம் 2019 ஆம் ஆண்டு ஐந்து மின் தானுந்துகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. சூடாக்கியை இயக்கிய நிலையில், −7 பாகையில் ஒரு மின்னேற்றத்தில் ஓடும் தொலைவு சராசரியாக 41 விழுக்காடு குறைந்தது. சூடாக்கியை நிறுத்தியபோது குறைவு 12 விழுக்காடே. 35 பாகையில் குளிர்சாதனத்துடன் 17 விழுக்காடு குறைந்தது.

சோதனை முறைகளும் நடைமுறையும்

நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜ் வரையறுக்கப்பட்ட வெப்பநிலையில் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகிறது. எனவே அது எல்லாப் பருவங்களுக்கும் பொருந்தாது. ஐக்கிய அமெரிக்காவில் 2008 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதல், −7 பாகைக் குளிர்ச் சோதனையும் 35 பாகையில் குளிர்சாதனச் சோதனையும் மதிப்பீட்டு முறையில் சேர்க்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஆம் ஆண்டு அறிமுகமான சோதனை முறையில் அளவீடு 23 பாகையில் நடைபெறுகிறது. பின்னர் அது ஐரோப்பாவின் சராசரி நிலையைக் குறிக்கும் 14 பாகைக்கு ஏற்பத் திருத்தப்படுகிறது.

சிக்கன வழிகள்

வண்டியை நிறுத்திவைத்தே பொறியை நெடுநேரம் சூடாக்குவது நல்லது என்னும் கருத்து பரவலாக உள்ளது. தற்காலப் பொறிகளுக்கு இது தேவையற்றது. அரை நிமிடத்திற்குப் பின் மெதுவாக ஓட்டத் தொடங்கினால் பொறி விரைவில் சூடேறும். நின்ற நிலையில் செலவாகும் பெட்ரோல் ஒரு மீட்டர் தொலைவைக்கூடத் தராது. மேலும் சில வழிகள்:

* சிறு வேலைகளை ஒரே பயணத்தில் முடித்தால் பொறி ஒருமுறை மட்டுமே சூடேற வேண்டியிருக்கும்.
* பருவம் மாறும்போது டயர் அழுத்தத்தைச் சரிபார்க்கலாம்.
* வெயிலில் நின்ற வண்டியில் முதலில் சன்னல்களைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றியபின் குளிர்சாதனத்தை இயக்கலாம்.
* மின் தானுந்தை மின்னேற்றியுடன் இணைந்திருக்கும்போதே சூடாக்கியோ குளிர்வித்தோ கொண்டால் மின்கலத்தின் ஆற்றல் பயணத்திற்கு மிஞ்சும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* பாகுநிலை
* மின் தானுந்து