பந்தியும் நிலமும்

நம் பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊரென்பதைச் சங்கத்தார் யாவரும் அறிவர். காஞ்சி வரதராசப் பெருமாளுக்குத் திருவாலவட்டக் கைங்கரியம் புரிந்த அப்பெரியாரை வைசிய குலத்தவரென்று குருபரம்பரை வரலாறு கூறும். அவர் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விழைந்த இராமாநுசர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். இராமாநுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து அமுதுண்டு மீண்டார். இல்லாளோ எஞ்சிய உணவை நீக்கி, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்தார்.

இக்கதை கேட்டு அவ்வம்மையாரைக் குறைகூறி அமைகின்றோம். அவர் கொடியவரல்லர்; தாம் பயின்ற ஆசாரத்தையே செய்தார். ஏற்றத்தாழ்வு தனியொருவர் மனக்கோணலன்று. வழக்கமாய் நிலைபெற்று நல்லாரையும் ஆட்டுவிக்கும் ஏற்பாடு என்பதே சமூகவியலார் கொள்கை.

அவ்வழக்கத்தின் அடியில் நிலவுடைமையும் உண்டு. பூந்தமல்லி அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அதன் கலெக்டர் திரெமென்ஹீர் துரை, ஆதிதிராவிட மக்களின் நிலையை ஆராய்ந்து 1891-இல் சர்க்காருக்கு அறிக்கை விடுத்தார். தரிசுக்கு அவர்கள் தர்க்காஸ்து கொடுப்பினும் மிராசுதாரர்க்கே முன்னுரிமை. குடியிருக்கும் மனையும் பலவிடத்து மிராசுதாரர் வசமே. எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். ஆதலின் வாய்திறவாது உழைத்தனர். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது இதுவே. அவ்வகுப்பாரன்றிப் பிறர்க்கு விற்றலாகாதென்ற நிபந்தனையும் ஏற்பட்டது. ஆயினும் அவற்றுட் பல பிறர் கைக்குச் சென்றன. 1994-இல் அதே ஜில்லாவில், காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த கிளர்ச்சியில் இருவர் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர்.

டாக்டர் அம்பேத்கர் இதனைப் படிப்படியான சமத்துவமின்மை என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவனும் மேலுள்ளானால் துன்புறினும், தனக்குக் கீழும் ஒருவனுளன் என்று ஆறுதலடைகின்றான். ஆகவே அப்படிகளை இடிக்க எல்லோரும் ஒருங்கு கூடுவதில்லை.

நாமும் அப்படிகளுள் ஒன்றில் நிற்பவரே. சென்ற ஆண்டுவிழாவில், மேலோர் நமக்கிழைத்த அவமதிப்புகளை நெடுநேரம் பேசினோம். விருந்தில் எச்சிலிலை எடுத்தவர் எங்கமர்ந்து உண்டாரென எவரும் கேட்டிலர். இதனை எழுதும் நாமும் கேட்டிலோம்.

வரும் விழாவில் அவரையும் நம்முடன் முதற்பந்தியில் அமர்த்துவோமாக. நிலம் வாங்கும் நம்மவர், அது பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டைப் பார்த்து, ஆமெனின் விலகுவாராக. நம்பிகள் பிறந்த ஊரார்க்கு இவ்விரண்டும் கடமையேயாம்.